குஷாய்குடா விதி: லென்ஸ், ஃபோகஸ், செலவு குறித்த ஓர் ஆய்வு

இஃது என் நுதலிற்றோ எனின், கேமரா வாங்கியவர் நெஞ்சில் எழும் ஐயங்களின் இலக்கணம் உணர்த்துதல் நுதலிற்று.

வாங்கிய புதிதில் ஐயம் எதுவும் எழுவதில்லை. மாடித் தொட்டியில் பூத்த செம்பருத்தி, பால்கனிக் கம்பியில் உட்கார்ந்த புறா, பக்கத்து வீட்டுக் குழந்தை என எடுத்ததெல்லாம் அழகாகவே தெரியும். குடும்ப வாட்ஸாப் குழுவில் கைதட்டலும் குவியும். பிறகு ஒரு நாள் யாரோ ஒரு சித்தப்பா படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, "கண்ணு ஷார்ப்பா இல்லையேப்பா?" என்று கேட்பார். அமெச்சூர் பிறப்பது அந்த நொடியில்தான். அதுவரை இருந்தவர் வெறும் கேமரா உரிமையாளர்.

பிறந்த கையோடு, எந்த லென்ஸ் வாங்கினால் கண் தெளியும் என்று அவர் விசாரிக்கத் தொடங்குகிறார். அந்த விசாரணைகளே இங்கே ஆய்வுப்பொருள். அவற்றைத் தொகுத்தும் வகுத்தும் பார்த்தால் ஒரு விதி புலப்படுகிறது. களத்தின் பெயரால் அதைக் குஷாய்குடா விதி என்று வழங்கலாம்: கேள்வியில் வரும் லென்ஸின் விலை ஏற ஏற, சரியான விடையின் விலை பூஜ்யத்தை நோக்கி இறங்கும். விதிக்கு விலக்குகளும் உண்டு. அவற்றுள் ஒன்று அமெரிக்க நீதிமன்றம் வரை போனது. அது பின்னர்.

குஷாய்குடாவைக் களமாகக் கொண்டது ஏன் எனில், ஐதராபாத்தின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள இந்தப் பகுதியில் ஒரு கருவியைப் பற்றிக் கேள்வி எழுப்பினால் விடை சொல்ல ஆள் பஞ்சமே கிடையாது. 1967இல் தொடங்கப்பட்ட ஈசிஐஎல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகளில் ஒன்றான டிடிசி 12ஐ 1969இல் கொண்டுவந்த நிறுவனம். ஒரு காலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி செய்தது. வாக்குப்பதிவு இயந்திரம் செய்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வாழும் தெருக்களில், சாலிடரிங் அயர்ன் இல்லாத அலமாரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 'லென்ஸ் கொஞ்சம் மங்கலா இருக்கு சார்' என்று ஒருவர் டீக்கடையில் சொல்லிவிட்டால் போதும், "பிரிச்சுப் பார்த்துடலாமா?" என்ற குரல் எழும். ஒரு லென்ஸின் வாழ்க்கையில் இதைவிட ஆபத்தான வாக்கியம் கிடையாது.

இரண்டாவது காரணம் தூரம். நம் பழைய இலக்கணம் நிலத்தை ஐந்தாக வகுத்தது. லென்ஸுக்கு மலையும் தெரியாது, வயலும் தெரியாது. தூரம் ஒன்றே அதற்கு முதற்பொருள். குஷாய்குடாவில் ஐந்து தூரமும் கிடைக்கின்றன. காப்ரா ஏரிக்கரையில் 30 சென்டிமீட்டரில் தட்டான். வீட்டுக்குள் 1 மீட்டரில் குழந்தை முகம். 2025 ஜனவரியில் புதிய முனையம் திறக்கப்பட்ட சர்லபள்ளியில் 50 மீட்டரில் ரயில். சில கிலோமீட்டர் தள்ளி மௌலாலி குன்று. அதன் தலைக்கு மேலே, சுமார் 3,84,000 கிலோமீட்டரில் நிலா. அணு எரிபொருள் வளாகத்தின் நீண்ட மதிலும் பக்கத்தில்தான் உண்டு. அந்தத் திசையில் எந்த லென்ஸையும் நீட்டாமல் இருப்பது உடம்புக்கு நல்லது என்பதால் அதை ஆறாவது தூரமாகக் கொள்ளவில்லை.

தூரங்களுக்குள் போகுமுன், தூரமே சம்பந்தப்படாத ஐயங்களைத் தீர்த்துவிடலாம். "எல்லாமே மங்கலாத் தெரியுது, லென்ஸ் போயிடுச்சா?" என்பது இவ்வகையின் தலைமகன். வியூஃபைண்டரின் ஓரத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கிறது. கண்ணாடி போடுபவர்களின் பார்வைக்கு ஏற்பத் திருத்திக்கொள்வதற்கான டயாப்டர் சக்கரம் அது. பைக்குள் உராய்ந்து தானாகவே திரும்பிக்கொள்ளும் பழக்கம் அதற்கு உண்டு. லென்ஸும் நலம், படமும் நலம்; பார்க்கும் துளை மட்டுமே கலங்கியிருக்கும். சோதிப்பது எளிது. வியூஃபைண்டரின் அடியில் தெரியும் எண்களைப் பார்க்க வேண்டும். அவையும் மங்கலாக இருந்தால் குற்றவாளி சக்கரம். எண்கள் பளிச்சென்று இருந்து காட்சி மட்டும் மங்கினால் லென்ஸை விசாரிக்கலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கோட்டி, அபிட்ஸ் கடைகள் வரை போய், புது லென்ஸுக்கு விலை கேட்டவர்கள் உண்டு. போக்குவரத்து நெரிசலோடு சேர்த்தால் அரை நாள் காரியம்.

லென்ஸின் பக்கவாட்டில் ஏ, எம் என்று இரண்டு எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் பொத்தான் எம் பக்கம் சாய்ந்துவிடுவது இரண்டாம் வகை. முன்கண்ணாடியில் குழந்தையின் வெண்ணெய் விரல் பதிந்திருப்பது மூன்றாம் வகை. இவற்றுக்கு உரை வேண்டியதில்லை.

நம் முந்தைய தலைமுறைக்கு இந்தத் தொல்லையே இருந்ததில்லை. இந்தியாவிலேயே தயாரான அக்ஃபா கிளிக் 3 பல வீடுகளின் முதல் கேமரா. 120 வகைச் சுருளில் 12 சதுரப் படங்கள்; திருப்ப வேண்டிய ஃபோகஸ் வளையமே கிடையாது. தூரம் தொழிற்சாலையிலேயே நிலைநிறுத்தப்பட்டுவிட்டது. தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில் நேராக உட்கார்ந்து, கேமராவிலிருந்து சில அடி தள்ளி இருந்தால் தெளிவாக விழுவார்கள். கிட்டே வந்தால் கலங்குவார்கள். பழைய ஆல்பங்களில் எல்லோரும் ஏன் அவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதற்கு மரியாதை, கூச்சம் என்று பல விளக்கங்கள் சொல்லலாம். ஒற்றை வில்லையின் ஒளியியலும் அவற்றுள் ஒன்று.

இனி ஒரு மீட்டர். ஐயங்களின் தாய்வீடு இதுதான்.

கிட் லென்ஸோடு சில மாதம் வாழ்ந்த அமெச்சூர், "பின்னாடி பிளர் வரணும்" என்று ஏங்கத் தொடங்குகிறார். எல்லோரும் ஒரே மருந்தைச் சொல்வார்கள்: 50 மி.மீ., எஃப் 1.8. இந்த எண்ணே முதல் குழப்பம். 1.8 சின்ன எண்ணாயிற்றே, ஓட்டை எப்படிப் பெரிதாகும்? எஃப் எண் என்பது ஓர் ஈவு. குவியத் தூரத்தை ஓட்டையின் விட்டத்தால் வகுத்தால் வருவது. 50ஐ 1.8ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 28 மி.மீ. ஓட்டை. அதே லென்ஸை 22க்கு மூடினால் 2.3 மி.மீ. பள்ளிக்கூடத்தில் பின்னம் நடத்தியபோது ஜன்னலுக்கு வெளியே பார்த்தவர்களை எஃப் எண் பழிவாங்குகிறது.

மருந்து வீட்டுக்கு வந்ததும் குழந்தையை ஒரு மீட்டரில் நிறுத்தி, ஓட்டையை முழுக்கத் திறந்து எடுக்கிறார். பின்னால் இருந்த பீரோ அழகாகக் கரைந்துவிட்டது. கூடவே குழந்தையின் கண்ணும் கரைந்துவிட்டது. மூக்கு நுனி மட்டும் வைரம். "லென்ஸ்ல ஏதோ ஃபால்ட்" என்று தீர்ப்பு எழுதப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிறிய சென்சார் கேமராவில், தெளிவின் எல்லையாக வழக்கமாகக் கொள்ளப்படும் 0.02 மி.மீ. வட்டத்தை வைத்துக் கணக்கிட்டால், 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் ஒரு மீட்டருக்கு ஃபோகஸ் செய்யும்போது தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 2.7 சென்டிமீட்டர். அப்பளம் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தியது போன்ற அந்த மெல்லிய தளத்தின் மேல் விழுவதெல்லாம் தெளிவு; முன்னும் பின்னும் கலக்கம். மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் உள்ள ஆழமே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். ஆகவே லென்ஸ் தன் கடமையைச் செய்திருக்கிறது. மூக்கைக் காட்டினார்கள், மூக்கைத் தெளிவாக்கியது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கண்ணிலேயே நடுப்புள்ளியை வைத்து ஃபோகஸ் செய்து, பொத்தானைப் பாதி அழுத்திப் பிடித்தபடி கேமராவைக் கொஞ்சம் திருப்பி, முகத்தை ஓரத்துக்குக் கொண்டுவந்து எடுப்பவர்கள் பலர். புத்தகங்கள் அப்படித்தான் கற்றுக்கொடுத்தன. ஆனால் தெளிவுத் தளம் கேமராவோடு சேர்ந்து திரும்பிவிடுகிறது. ஒரு மீட்டரில் 10 டிகிரி திருப்பினால் தளம் கண்ணுக்குப் பின்னால் ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளிப் போய்விடும். இருப்பதே மொத்தம் 2.7 சென்டிமீட்டர், அதில் கண் அமர வேண்டிய முன்பாதி அதைவிடக் குறைவு. கண் வெளியே, காதோர முடி உள்ளே. கொசைன் என்ற ஒன்றைப் பதினோராம் வகுப்போடு தலைமுழுகியதாக நினைத்தவர்கள் இங்கே அதை மறுபடி சந்திக்கிறார்கள்.

பரிகாரம்: அரை மீட்டர் பின்னால் போய், ஓட்டையை எஃப் 4க்கு மூடினால் ஆழம் சுமார் 14 சென்டிமீட்டர் ஆகிவிடும். மூக்கு, கண், காது மூன்றும் அதற்குள் குடியிருக்கலாம். பின்னால் பிளர் போய்விடுமே என்று அஞ்சுபவர், குழந்தையைப் பீரோவிலிருந்து நாலடி தள்ளி நிறுத்தலாம். செலவு பூஜ்யம். ஆனால் நடைமுறையில் இந்த இடத்தில் அமெச்சூர் கேட்பது, "85 மி.மீ. எஃப் 1.4 வாங்கினா சரியாயிடுமா அண்ணா?" அந்த லென்ஸ் விலையில் ஒரு நல்ல ஸ்கூட்டர் வரும், தெளிவுத் தளமோ இன்னும் மெலியும். குஷாய்குடா விதி இவ்வளவு சுத்தமாக வேறெங்கும் மெய்ப்படுவதில்லை.

விதி தடுமாறும் இடத்தையும் மறைக்கக் கூடாது. நிக்கானின் மலிவு விலை கேமராவும் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸும் சேரும்போது, பிழை உண்மையிலேயே அமெச்சூருடையதல்ல. அந்த லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார் ஒரு சிறு திருகு வழியாக அதைத் திருப்ப வேண்டும். 2006இல் வந்த டி40 முதல், டி3000, டி5000 வரிசைகள் உட்பட, பல மலிவு விலை உடல்களில் நிக்கான் அந்த மோட்டாரை எடுத்துவிட்டது. லென்ஸ் மாட்டிக்கொள்ளும், படமும் எடுக்கும், தானாக ஃபோகஸ் மட்டும் ஆகாது. கேனான்காரர்களுக்கு இந்தத் துயரம் தெரியாது. 1987இல் இஎஃப் பிடியைக் கொண்டுவந்தபோதே மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். நிக்கானோ 1959இல் பிறந்த பிடியைக் கைவிட மனமில்லாமல், பழையதையும் புதியதையும் ஒரே வீட்டில் கூட்டுக்குடும்பமாக வைத்திருந்தது. கூட்டுக்குடும்பத்தில் யார் எந்த வேலையைச் செய்வது என்ற குழப்பம் இயல்புதானே.

'பாய், சூப்பர் லென்ஸ், சஸ்தா' என்று கடைக்காரர் எடுத்துக்கொடுத்த இந்த டி லென்ஸை மாட்டியதும் இன்னொரு சோதனை வரும். லென்ஸில் உள்ள வளையத்தை 22இல் பூட்டாமல் விட்டால் திரையில் 'எஃப்-ஈ-ஈ' என்று ஒரு பிழைச் செய்தி கண்சிமிட்டும். கேமராவே கட்டணம் கேட்கத் தொடங்கிவிட்டது என்று பதறுபவர்களைக் குறை சொல்ல முடியாது. வளையத்தை 22க்குத் திருப்பிப் பூட்டினால் கட்டணம் தள்ளுபடி. பிறகு ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும். திருப்பும்போது வியூஃபைண்டரின் அடியில் பச்சைப் புள்ளி ஒன்று எரியும். அது நிலைத்து நின்றால் தெளிவு கிடைத்துவிட்டது என்று பொருள். கேமராவின் கண் வேலை செய்கிறது, கைதான் இல்லை. கையை நாம் தந்தால் போதும். ஆகவே விதி தடுமாறினாலும் விழவில்லை.

பச்சைப் புள்ளியை எரியவைக்கும் அந்தக் கண் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் வேறு சில கேள்விகளும் உதிர்ந்துவிடும். டிஎஸ்எல்ஆரில் லென்ஸின் ஒரு விளிம்பு வழியாக வரும் ஒளியையும் எதிர் விளிம்பு வழியாக வரும் ஒளியையும் பிரித்து இரண்டு குட்டிப் பிம்பங்கள் ஆக்குகிறார்கள். அவை எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதிலிருந்து லென்ஸ் எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒப்பிடுவதற்கு ஒரு கோடோ விளிம்போ இருக்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த க்ரீம் நிறச் சுவரில் என்ன இருக்கிறது ஒப்பிட? லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி 'ஊய்ங் ஊய்ங்' என்று முனகுவது அதனால்தான். டி3000 வரிசையில் 11 ஃபோகஸ் புள்ளிகள் இருந்தாலும் நடுவில் உள்ள ஒன்றுதான் குறுக்கும் நெடுக்குமாகப் பார்க்கக் கூடியது. மற்றவை ஒரு திசைக் கோடுகளை மட்டுமே உணரும். ஜன்னல் கம்பிமீது ஓரப்புள்ளி தடுமாறினால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்தால் போதும். கேமராவைத் திருப்புவதற்கு இதுவரை யாரும் வரி போடவில்லை.

இப்போது அந்த நீதிமன்றம்.

தானியங்கி ஃபோகஸ் முதலில் பரவலாக விற்பனைக்கு வந்தது 1977இல், கொனிகா சி35 ஏஎஃப் என்ற சிறு கேமராவில். அதற்குள் இருந்த உணர்வுறுப்பு அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனத்துடையது. மறு ஆண்டே போலராய்டு நிறுவனம் வௌவாலைப் பின்பற்றி ஒலியலையால் தூரம் அளக்கும் கேமராவை விட்டது. இருட்டிலும் வேலை செய்யும். ஆனால் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தால் ஒலி கண்ணாடியிலேயே மோதித் திரும்பிவிடும். வெளியே தாஜ்மகாலே நின்றாலும் கண்ணாடிக்குத்தான் ஃபோகஸ். 1985இல் மினோல்டா 7000 வந்தது. கேமராவுக்குள் உணர்வுறுப்பு, கேமராவுக்குள்ளேயே மோட்டார். உலகம் அள்ளிக்கொண்டு போனது. அதன் பின்னால் ஹனிவெல்லின் வழக்கறிஞர்களும் போனார்கள். ஃபோகஸ் நுட்பம் தங்கள் காப்புரிமை என்று வழக்கு. 1992இல் நடுவர் குழு சுமார் 9.6 கோடி டாலர் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. கடைசியில் மினோல்டா 12.75 கோடி டாலருக்குச் சமாதானம் செய்துகொண்டது. பிற கேமரா நிறுவனங்களும் பிறகு வரிசையில் நின்று பணம் கட்டின. 'இதை யார் ஃபோகஸ் பண்ணினது?' என்ற ஒரே கேள்விக்கு வரலாற்றில் கிடைத்த ஆக விலையுயர்ந்த விடை இது. குஷாய்குடா விதிக்கு இது விலக்கே. ஆனால் கேட்டவர்கள் அமெச்சூர்கள் அல்லர், வக்கீல்கள்.

மோட்டாரும் உணர்வுறுப்பும் இல்லாத காலத்தில் இதே நகரத்தில் ஒருவர் என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். மீரட்டுக்குப் பக்கத்தில் சர்தானாவில் 1844இல் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் படித்த லாலா தீன் தயாள், 1880களில் செகந்திராபாத்தில் ஸ்டூடியோ வைத்தார். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரர். ராஜா பட்டமும் முஸவ்விர் ஜங் என்ற விருதும் பெற்றவர். 1892இல் பெண்களுக்கென்றே ஜெனானா ஸ்டூடியோ ஒன்றைத் திறந்து, பெண் ஒருவரின் பொறுப்பில் நடத்தினார். அவர் காலத்துக் கேமராவில் படம் எடுப்பவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் பிம்பத்தைப் பார்ப்பார். நவாப் தலைகீழாகத் தெரிவார். துருத்தியை முன்னும் பின்னும் இழுத்துத் தெளிவைப் பிடித்து, கண்ணாடியை எடுத்துவிட்டுத் தகட்டைச் செருகி, மூடியைத் திறந்து மூட வேண்டும். அதற்குள் நவாப் அரை அங்குலம் அசைந்தாலும் கதை முடிந்தது. மனிதரையோ மாளிகையையோ எடுத்த அவருடைய கண்ணாடித் தகடுகள் 2,800க்கு மேல் இன்று தில்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் இருக்கின்றன. மூக்கு மட்டும் தெளிந்து கண் கலங்கிய நவாப் எவருக்கும் அவற்றில் இடம் கிடைத்திருக்காது என்று நம்பலாம். தலைகீழாகப் பார்த்துப் பழகியவருக்குத் தெளிவைத் தவிர வேறெதுவும் கண்ணை இழுத்திருக்காது என்பது இக்கட்டுரையாளரின் ஊகம். மறுப்பவர்கள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்த பிறகு மறுக்கலாம்.

மற்ற தூரங்களை விரைந்து கடக்கலாம். காப்ரா ஏரித் தட்டான் விஷயத்தில் கேள்வி, "கிட்டப் போனா ஃபோகஸ் ஆகலை, மேக்ரோ லென்ஸ் வாங்கணுமா?" 18-55 கிட் லென்ஸுக்குக் குறைந்தபட்ச தூரம் 28 சென்டிமீட்டர் என்று போட்டிருக்கும். அது லென்ஸின் மூக்கிலிருந்து அளப்பதல்ல, சென்சாரிலிருந்து அளப்பது. கேமராவின் தலையில் ஒரு வட்டத்தைக் கோடு ஒன்று குறுக்கே வெட்டியிருக்கும் குறி அந்த இடத்தைக் காட்டுவதற்குத்தான். பலர் அதை அலங்காரம் என்று நினைத்திருக்கிறார்கள். இன்னும் கிட்டப் போக ஆசைப்பட்டால், மலிவான ரிவர்ஸ் வளையம் ஒன்றால் 50 மி.மீ. லென்ஸை முன்பின்னாக மாட்டலாம். தானியங்கி ஃபோகஸ் போய்விடும். உடம்பையே மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் ஆட்டித் தெளிவைப் பிடிக்க வேண்டும். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அது செலவுக் கணக்கில் சேராது.

சர்லபள்ளி ரயிலுக்கு வேண்டியது ஒரு மெனு மாற்றம். ஒற்றை ஃபோகஸ் முறையில் கேமரா ஒருமுறை பூட்டிவிட்டு ஓய்ந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி அரை விநாடியில் 8 மீட்டர் நகர்ந்திருக்கும். தொடர் ஃபோகஸ் முறைக்கு மாற்றினால் கேமராவும் கூடவே ஓடும்.

மௌலாலி குன்றில் ஒரு கற்றறிந்த பிழை நடக்கிறது. முன்னால் உள்ள பாறையும் மேலே உள்ள தர்காவும் ஒருசேரத் தெளிய வேண்டும் என்று எண்ணி, ஓட்டையை எஃப் 22க்கு மூடுகிறார்கள். அன்செல் ஆடம்ஸும் நண்பர்களும் 1932இல் தொடங்கிய குழுவுக்கு எஃப் 64 என்றே பெயர் வைத்தார்களே, நாம் 22க்காவது போகலாமே என்பது வாதம். ஆடம்ஸ் கையில் இருந்தது பெரும்பாலும் 8க்கு 10 அங்குலத் தகடு. அந்த அளவில் எஃப் 64 தரும் ஆழத்தை 35 மி.மீ. சட்டகத்தில் ஏறக்குறைய எஃப் 9லேயே பெற்றுவிடலாம். சிறிய சென்சாரில் இன்னும் குறைவான எண்ணே போதும். 22க்கு மூடினால் ஒளி அந்தச் சிறு துளையின் விளிம்பில் சிதறி, ஒவ்வொரு புள்ளியும் சுமார் 30 மைக்ரான் அகலத்துக்குப் பரவும். 24 மெகாபிக்சல் சிறு சென்சாரில் ஒரு பிக்சல் 4 மைக்ரான்தான். பாறையும் மங்கும், தர்காவும் மங்கும். சமத்துவம் மட்டும் நிலைக்கும். கிட் லென்ஸை 18 மி.மீ., எஃப் 8இல் வைத்து 2 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால், 1 மீட்டர் முதல் குன்று வரை எல்லாம் ஏற்கத்தக்க தெளிவில் விழும்.

நிலாவில் இரண்டு கேள்விகள். முதலாவது, முடிவிலிக் குறி வரை திருப்பிய பிறகும் லென்ஸ் இன்னும் கொஞ்சம் திரும்புகிறதே, முடிவிலிக்கு அப்பால் என்ன இருக்கிறது? வேதாந்தம் எதுவும் இல்லை. வெயிலில் லென்ஸின் உலோகமும் கண்ணாடியும் விரியும், குளிரில் சுருங்கும். ஐதராபாத் மே மாதத்திலும் டிசம்பரிலும் நிலா தெளிய வேண்டுமானால் இரண்டு பக்கமும் இடம் விட்டாக வேண்டும். குறியை நம்பாமல் திரையில் பெரிதாக்கிப் பார்த்துத் திருப்புவதே வழி. இரண்டாவது, நிலா ஏன் பொட்டு போல விழுகிறது? குவியத் தூரத்தை 110ஆல் வகுத்தால் சென்சாரில் நிலாவின் விட்டம் வரும். 300 மி.மீ. லென்ஸில் 2.7 மி.மீ.; சிறு சென்சாரின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு. இதற்கு மட்டும் பூஜ்யச் செலவில் விடை கிடையாது. நிலாவைப் பெரிதாக்கப் பணம் வேண்டும். விதிக்கு இது இரண்டாவது விலக்கு.

சென்னையிலிருந்து மாமா கொடுத்தனுப்பிய பழைய லென்ஸுக்குள் சிலந்தி வலை போலத் தெரிவது ஃபோகஸ் சிக்கலே அல்ல, பூஞ்சை. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் அது குடியேறும். கடற்கரையை விட தக்காணம் லென்ஸுக்கு உகந்த ஊர். ஆனால் மழைக்காலத்தில் இங்கும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வைப்பதே உத்தமம். அரிசி மூட்டைக்குள் புதைப்பவர்கள் பூஞ்சையோடு தவிட்டையும் சம்பாதிக்கிறார்கள்.

உண்மையாகவே கேமராவின் குற்றம் என்று சொல்லத்தக்க ஒரு வகை மிஞ்சுகிறது. டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் அளக்கும் உறுப்பு சென்சாரில் இல்லை, கேமராவின் அடிப்பகுதியில் இருக்கிறது. இரண்டுக்கும் ஒளி பயணிக்கும் தூரம் மயிரிழை வேறுபட்டாலும் எல்லாப் படமும் ஒரே பக்கமாகத் தவறும். இதைக் கண்டறிய, மேஜையில் ஈநாடு நாளிதழை விரித்து, கேமராவை 45 டிகிரி சாய்வில் ஸ்டாண்டில் நிறுத்தி, நடுத் தலைப்புக்கு ஃபோகஸ் செய்து எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் தலைப்புக்கு மேலேயோ கீழேயோ உள்ள பத்திதான் தெளிகிறது என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே என்றால் அது இந்த வகைக் குற்றம் அல்ல.

மிரர்லெஸ் கேமராக்களில் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் இந்தக் குற்றம் ஒழிந்தது. மனித முகத்தைக் கண்டுபிடித்து, அதில் கண்ணைக் கண்டுபிடித்து, அருகில் உள்ள கண்ணுக்கே சதுரம் போட்டுவிடுகின்றன. இனிக் கேள்விகளே இராது என்று நினைக்க இடமுண்டு. ஆனால் ஈசிஐஎல் நாற்சந்தியில் நிறுத்திக் குழந்தையை எடுத்துப் பார்க்க வேண்டும். குழந்தை ஐஸ்க்ரீமைப் பார்த்துத் தலையைத் திருப்பியிருக்கிறது. பின்னால் பிறந்தநாள் வாழ்த்து பிளெக்ஸில் தலைவர் ஒருவர் பத்தடி உயரத்தில், நேராகப் பார்த்தபடி, கைகூப்பிச் சிரிக்கிறார். அச்சடித்த முகத்துக்கும் அசல் முகத்துக்கும் கேமராவுக்குப் பேதம் தெரிவதில்லை. சதுரம் தலைவரின் இடக்கண்ணில் உறுதியாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது. "இதுக்கு எந்த லென்ஸ் வாங்கணும்?" என்கிறார் அமெச்சூர். வலப்பக்கம் நான்கு அடி நகர்ந்து நின்றால் தலைவர் சட்டகத்தை விட்டுப் போய்விடுவார். ஆனால் அங்கே எதிர்க்கட்சியின் பிளெக்ஸ் இருக்கிறது.